சிவப்புப் பூ வந்த கல்யாணம்

ரத்தம் எடுப்பதில் என் கை லேசு என்று சாலவாக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஊசி என்றாலே ஊரைக் கூட்டும் பிள்ளைகள்கூட என்னிடம் கையை நீட்டிவிட்டு வேடிக்கை பார்க்கும். விசாரணைக் குழு என்று உட்கார்ந்திருக்கும் நீங்கள் என்னைக் கல்நெஞ்சக்காரி என்று ஏற்கெனவே முடிவுகட்டிவிட்டீர்கள். இருக்கட்டும். கேட்டதற்கு மழுப்பாமல் பதில் சொல்கிறேன்.

நான் உத்திரமேரூர்ப் பெண். அப்பாவுக்குச் சாலவாக்கத்தில் ஏரிப் பாசன நிலம். அதில் நடவுக்கு வரும் தாயாரம்மாளின் வம்சத்தில் கைக்குழந்தைகள் வெளிறி, வயிறு உப்பிச் சாவதைச் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். ஊரார் காத்து கருப்பு என்றார்கள். சென்னை ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்ததும் முதலில் கையிலெடுத்தது அதைத்தான். நான் வைத்தியம் படித்தவள் அல்ல, ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவள். அவர்களுக்கு நான் டாக்டரம்மா. நானும் திருத்தவில்லை.

வேலை எப்படி நடக்கும் என்று கேட்டீர்கள். ரத்தத்தை ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து டி.என்.ஏ.வைப் பிரித்தால், கண்ணாடிக் குச்சியில் வெள்ளை நூலாகச் சுற்றிக்கொண்டு வரும். ஒரு என்சைம் அதைக் குறித்த இடங்களில் வெட்டும். வேண்டிய துண்டைக் கிருமிக்குள் வைத்துப் பெருக்கி எடுத்தால், இன்னொரு என்சைம் அதன் நுனியில் கதிர்வீசும் பாஸ்பரஸை ஒட்டும். அந்த அடையாளம் இருந்தால்தான் எக்ஸ்ரே ஃபிலிமில் துண்டுகள் கறுப்புக் கோடுகளாகத் தெரியும். அதை வைத்து மரபணுவை எழுத்து எழுத்தாகப் படிக்கலாம். பாஸ்பரஸ் பம்பாயிலிருந்து விமானத்தில் வரும். வரும்போதே அதன் வீரியம் வடிந்துகொண்டிருக்கும். ஐஸை விட்டு எடுத்து வைத்தால் என்சைமும் பாழ். அந்த நாட்களில் எனக்குச் சோறு தண்ணி நினைவிருக்காது. உங்களில் யாராவது அப்படி வேலை பார்த்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை.

எல்லோருக்கும் ஒவ்வொரு மரபணுவிலும் இரண்டு பிரதி உண்டு, அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று. தாயாரம்மாளின் தம்பி கன்னியப்பனுக்கு ரத்தத்துக்கான மரபணுவின் ஒரு பிரதியில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அவள் மகள் மலர்க்கொடிக்கும் அதே எழுத்து. இன்னொரு பிரதி நன்றாக இருந்ததால் இருவரும் ஆரோக்கியமாக இருந்தார்கள். ஆனால் நோய்க்கு அந்த எழுத்துதான் காரணம் என்று நிலைநாட்ட எனக்கு இரண்டு பிரதியும் கெட்ட ஒரு குழந்தை வேண்டியிருந்தது. செத்த குழந்தைகள் எல்லாம் மண்ணோடு மண்ணாகிவிட்டன. வெளிநாட்டில் இரண்டு கூடங்கள் இதே வேலையில் இறங்கியிருந்தன. நான் பிந்தினால் என் பெயர் எங்கேயும் இருக்காது.

அந்தச் சமயத்தில்தான் தாயாரம்மாள் வந்தாள். மலர்க்கொடியைத் தாய்மாமன் கன்னியப்பனுக்கே கட்டுவதாகப் பேச்சு. அவர்கள் வழக்கப்படி அம்மன் கோயிலில் பூ கேட்டிருக்கிறார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே மடித்துப் போட்டு, ஒன்றை எடுக்கவைப்பார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது.

"செவப்பு வந்துடிச்சி டாக்டரம்மா. மனசு கெடந்து அடிச்சிக்கிது. நீதான் எங்க ரத்தத்த பாத்து வச்சிக்கிறியே. நீ வாணாம்னா வுட்டுடறேன். பழையசீவரத்துலர்ந்து வேற எடமும் கேட்டுக்கினு கீறாங்க."

இரண்டு பேருடைய ஃபிலிமும் அப்போது என் மேஜை இழுப்பறையில் இருந்தது. "பூவை நம்பாதே, என்னை நம்பு. ரத்தம் நன்றாகப் பொருந்தியிருக்கிறது" என்றேன்.

யோசித்துப் பாருங்கள், அதில் பொய் எங்கே இருக்கிறது? பொருந்தித்தான் இருந்தது. அவர்கள் மனதிலிருந்து ஒரு மூடநம்பிக்கையை அகற்றினேன். அந்த ஊரில் வேறு யார் அதைச் செய்தார்கள்? என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். கல்யாணத்துக்கு நானும் போனேன். முதல் வரிசையில் நாற்காலி போட்டார்கள்.

அப்படிப்பட்ட தம்பதிக்கு நாலு குழந்தை பிறந்தால் ஒன்றுதான் நோயோடு பிறக்கலாம் என்பது கணக்கு. முதல் பிரசவத்திலேயே வாய்க்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பெண் குழந்தை, அம்முலு என்று பெயர் வைத்தார்கள். கவிழ்ந்து தவழும் பருவத்தில் வெளிற ஆரம்பித்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்தார்கள். நான்தான் பொறுக்கச் சொன்னேன். அங்கே போனால் உடனே வேறு யாருடைய ரத்தத்தையாவது ஏற்றுவார்கள். ஏற்றிவிட்டால் அது கலந்து, ஆராய்ச்சிக்கு நான் எடுக்கும் ரத்தம் சுத்தமாக இருக்காது. தாயாரம்மாளிடம், "அவசரப்பட்டு அடுத்தவன் ரத்தத்தை உடம்பில் விடாதே" என்றேன். சின்ன உடம்பு, நிறைய எடுக்க முடியவில்லை. முதலில் எடுத்தது பிரிக்கும்போது வீணாகிவிட்டது. மறுபடி போய் எடுத்தேன். அதுவரை காத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகப் பஸ்ஸில் ஏறியபோது குழந்தைக்கு மூச்சு நின்றுவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அம்முலுவின் ஃபிலிமைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தேன். எத்தனை துண்டு படித்தாலும் அதே இடத்தில் அதே எழுத்து. இரண்டு பிரதியும் கெட்டிருந்தன. அவ்வளவு சுத்தமான ஃபிலிம் எங்கள் கூடத்தில் அதற்கு முன் வந்ததில்லை. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது.

கன்னியப்பன் கூடத்துக்கு வந்தது, நாங்கள் கட்டுரையை அனுப்பிய பிறகு. குழந்தைக்கு என்ன என்று கேட்டான். என் உதவியாளன் பஞ்சாட்சரம் பாவம், மனசு கேட்காமல் மூன்று ஃபிலிமையும் எடுத்துக் காட்டி விளக்கிவிட்டான். கன்னியப்பன் தன்னுடையதையும் மலர்க்கொடியினுடையதையும் தொட்டுப் பார்த்தான்.

"இது ரெண்டும் எப்ப எடுத்தது?"

"கல்யாணத்துக்கு முன்னாடிங்க" என்றான் பஞ்சாட்சரம்.

கன்னியப்பன் என் பக்கம் திரும்பினான். "அப்ப உனுக்குத் தெரிஞ்சிதான் இருந்திச்சா டாக்டரம்மா?"

"தெரியும்" என்றேன்.

அவன் கத்தவில்லை. கையை ஓங்கவில்லை. "அம்மன் வாணாம்னுதான் சொல்லிச்சி. உன் பேச்சக் கேட்டுத்தான் மீறினோம்" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான். இப்போதும் தீரவில்லை. யாரோ மடித்துப் போட்ட பூ தற்செயலாகச் சிவப்பாக வந்துவிட்டதாம். இரண்டு வருஷம் ராப்பகலாகப் பாடுபட்டு, அந்த நோய் எந்த எழுத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்தவள் நான். பேர் மட்டும் அம்மனுக்கா?

சரி, உங்களுக்கு வேண்டியதைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கல்யாணத்தை ஒரு வார்த்தையில் நிறுத்தியிருக்கலாம் என்று எனக்குத் தெரியும். நிறுத்தவில்லை. நோயோடு ஒரு குழந்தை பிறக்க வேண்டும் என்றுதான் நடக்கவிட்டேன். ரத்தம் ஏற்றியிருந்தால் அம்முலு அன்றைக்குப் பிழைத்திருப்பாள் என்றும் தெரியும். வருத்தப்படுகிறேனா என்று கேட்காதீர்கள். இனி அந்த ஊரில் எந்தக் குழந்தைக்கு எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று சொல்ல முடியும். அது என்னால் வந்தது.

வேலையை விட்டு நீக்குவதாக இருந்தால் நீக்குங்கள். ஒரு விஷயத்தை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். மலர்க்கொடி மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள். அந்தக் குழந்தையின் ரத்தமும் கட்டாயம் வேண்டியிருக்கும். பஞ்சாட்சரத்தை அனுப்பாதீர்கள், அவன் கை முரடு. என்னை அனுப்புங்கள். என் கையில் கொடுத்தால் அது அழாது.