மூன்று மணி மோட்டார்

கடலோரத்தில் வேலை செய்கிறவர்கள் விலை உயர்ந்த கடிகாரம் வாங்கக் கூடாது ஐயா. உப்புக்காற்றுக்கு விலை தெரியாது.

என் பெயர் பரணிதரன். வீடு செங்கல்பட்டில். மாமல்லபுரத்துக்குத் தெற்கே வாசுதேவன் நடத்தும் இறால் குஞ்சுப் பண்ணையில் இரண்டு வருடமாகக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறேன். அங்கே தொட்டி தேய்க்கும் தனகோடி இறந்ததற்குக் காரணம் 'கம்ப்யூட்டர் கோளாறு' என்று போலீஸ் அறிக்கையில் எழுதப் போகிறீர்களாம். முதலாளியும் அந்த லினக்ஸ் சர்வரைக் காயலான் கடைக்குப் போடப் போகிறாராம். அது நியாயமில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

பண்ணையில் எல்லா மோட்டாரும் சர்வர் சொல்லும் மணிக்குத்தான் ஓடும். தரைக்கடியில் இருக்கும் கடல்நீர்த் தொட்டியை மதியம் வடித்துவிட்டு, ஒரு ஆள் உள்ளே இறங்கிப் பாசி தேய்ப்பார். மூன்று மணிக்குக் குளோரின் மோட்டார் ஓடி, கிருமி சாகத் தொட்டிக்குள் மருந்து விடும். மூடிய தொட்டிக்குள் அந்த நெடியை இழுத்தவன் ஏணி ஏற மாட்டான். அதனால் மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே மேலே வந்துவிட வேண்டும். தனகோடி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஏறுவான். அதை ரேடியோ செய்தி நேரத்துக்குச் சரியாக வைத்திருப்பான்.

சர்வருக்குள் இருக்கும் கடிகாரம் நாளுக்கு முக்கால் நிமிடம் முந்தும். அதைக் குறை சொல்ல முடியாது, அதன் சுபாவம் அது. எங்கள் பக்கம் தினமும் கரண்ட் போகும். திரும்ப வரும்போது லினக்ஸ் அந்தக் கடிகாரத்தைக் கேட்டுத்தான் மணியைத் தெரிந்துகொள்ளும். நாளுக்கு எவ்வளவு முந்துகிறது என்று ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால் அதுவே கழித்துக்கொள்ளும். மிச்சம் மீதி இருந்தால் வாரம் ஒருமுறை டெலிபோனில் இன்டர்நெட்டைப் பிடித்து நான் சரிசெய்வேன். இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட மணி தப்பியதில்லை.

தனகோடி நல்ல வேலைக்காரன். அவன் அப்பா படாளம் பக்கம் யார் யார் வயலிலோ கூலிக்குப் போனவர். நான் அதையெல்லாம் பார்க்கிறவன் இல்லை. ஆடி மாதம் அவன் வீட்டிலிருந்து கூழ் கொண்டுவந்தால் வாங்கி வைத்துக்கொள்வேன். குடிக்க மாட்டேன், எனக்குக் கூழ் ஒத்துக்கொள்ளாது. அவன் எல்லாரையும் 'மச்சான்' என்பான். என்னையும்.

சித்திரையில் எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பெண் வைஷாலி. அப்பா பக்தவத்சலம், கல்பாக்கத்தில் உத்தியோகம். ஜாதகம் பார்த்து முடித்தாகிவிட்டது. மாப்பிள்ளை வேலை செய்யும் இடத்தை ஒரு தடவை பார்க்கலாம் என்று பண்ணைக்கு வந்தார். தனகோடி தொட்டியிலிருந்து ஏறி, ஈரக் கையை என் தோளில் போட்டான்.

"யாரு மச்சான், மாமனாரா? சொல்லவே இல்ல பாரு. குந்து நைனா, டீ சொல்றேன்."

பக்தவத்சலம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பிக்கு இவரு எந்த வகையில சொந்தம்?"

"சொந்தமா? இவரு பொட்டிய தட்டிகினு கீறாரு, நான் தொட்டிய தேய்ச்சிகினு கீறேன். ஒரே ஆபீஸு நைனா!"

அவனே சிரித்தான். பக்தவத்சலம் டீ குடிக்கவில்லை. அடுத்த வாரம் தகவல் வந்தது: ஜாதகம் பொருந்தவில்லையாம்.

நான் கோபப்படவில்லை. கோபப்படுவது என் பழக்கமில்லை. முக்கால் நிமிடம் என்று எழுதியிருந்ததை அழித்துப் பூஜ்யம் போட்டேன். டெலிபோன் பிடிப்பதையும் நிறுத்தினேன். நான் செய்தது அவ்வளவுதான். மற்றதைக் கடிகாரம் பார்த்துக்கொண்டது.

இரண்டு வாரம் போனதும் தனகோடி என் அறை வாசலில் வந்து நின்றான். அவன் மனைவி அம்சாவும் கூட இருந்தாள். அவள் பண்ணையில் குஞ்சு எண்ணிப் பையில் போடுகிறவள்.

"மச்சான், மோட்டாரு முன்னாடியே ஓடுது. நேத்து மேல ஏறி செருப்பு மாட்டல, அதுக்குள்ள குபுகுபுன்னு நெடி."

"இன்னா அண்ணாத்த, பொம்பளைய தாலியறுக்க வெச்சிடாத," என்றாள் அம்சா, பாதி விளையாட்டாக.

"பாத்துட்டேன். சரிபண்ணிட்டேன்," என்றேன்.

"அவரு சொல்ட்டாரு இல்ல, வா," என்று தனகோடி அவளை இழுத்துக்கொண்டு போனான். அன்றைக்கு நான் எதையும் சரிசெய்யவில்லை. அடுத்த நாள் எதையோ சாக்குச் சொல்லி, மூன்று மணி மோட்டாரை வாரக் கடைசிவரை நிறுத்திவைத்தேன். கடிகாரம் மட்டும் முந்திக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை மோட்டாரைப் பழையபடி ஓடப் போட்டுவிட்டு, அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். அவன் ஏணியில் கால் வைத்தபோது பக்கத்தில் போய், "தனகோடி, இனிமே என்னை சார்னு கூப்பிடு," என்றேன்.

அவன் பல்லைக் காட்டினான். "சரிங்க சார் மச்சான்."

இறங்கிவிட்டான். நான் என் அறைக்குத் திரும்பினேன். சர்வர் மூன்று மணி என்றபோது அவன் கைக்கடிகாரத்தில் மூன்றுக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

அம்சாதான் ஓடிவந்தாள். "அண்ணாத்த, மோட்டார நிறுத்து! அவுரு உள்ள கீறாரு!" என்று என் சட்டையைப் பிடித்தாள். பதறாதே என்றேன். லினக்ஸைப் பட்டென்று அணைக்கக் கூடாது, டிஸ்க் கெட்டுவிடும். ஓடும் வேலைகளை ஒவ்வொன்றாக முடித்து, முறைப்படி அணைத்தேன். அதற்குள் எலக்ட்ரீஷியன் ஞானதாஸ் ப்யூஸைப் பிடுங்கிவிட்டார். அவசரப்பட்டார் என்றுதான் சொல்வேன். ஆனாலும் தனகோடியை மேலே தூக்கியபோது உயிர் இல்லை.

ஆகவே 'கோளாறு' என்ற வார்த்தையை அடித்துவிடுங்கள் ஐயா. அந்த சர்வர் சொன்னதைச் செய்தது. தனகோடியைக் கொன்றது நான். யாரையும் பழி சொல்லவில்லை, பக்தவத்சலத்தைக்கூட.

வெளியே அவன் ஆட்கள் கூடி நின்று, சாதித் திமிரில் செய்தேன் என்று கத்துவது கேட்கிறது. அதை மட்டும் எழுதிவிடாதீர்கள். எனக்கு அந்தப் புத்தி கிடையாது. அவன் மட்டும் வெறும் 'சார்' என்று நிறுத்தியிருந்தால், நானே கைகொடுத்து மேலே ஏற்றியிருப்பேன்.