கப்சிப்

உங்கள் ஸ்டேஷன் நாற்காலி சரியில்லை மேடம். இடுப்புக்குப் பிடிமானமே கிடையாது. வெளியே உட்கார்ந்து தட்டச்சு செய்கிறாரே, அந்த அண்ணனுக்கு இப்போதே கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. நானும் நாற்காலியில் உட்கார்ந்து பிழைப்பவள் என்பதால் சொல்கிறேன், உயரத்தை இரண்டு விரல் ஏற்றிவிட்டால் மனிதர் கொஞ்ச காலம் தாங்குவார்.

“மனசுல இருக்கறத அப்படியே எழுதித் தாம்மா” என்றீர்கள். எழுதுகிறேன். நான் அழுவேன் என்று நினைத்துத் துடைக்கக் காகிதம் வேறு வைத்திருக்கிறீர்கள். நீங்கள் கொடுத்த பேனா கசிகிறது, அதற்கு உதவும்.

நாங்கள் நான்கு பேர் கொண்ட அணி. நான் கேப்டன். என் தம்பிக்கு அணியில் ஓணான் என்று பெயர். கொரியர் கம்பெனியில் வண்டி ஓட்டுகிறவனைக் கொரியர் என்றே கூப்பிடுவோம். வங்கிக் குமாஸ்தா ஒருவர் இருக்கிறார், எங்களில் மூத்தவர், யாருக்கும் உறவில்லை, ஆனால் எல்லோருக்கும் சித்தப்பா. விளையாட்டு உங்கள் பையனும் விளையாடுவதுதான். பல அணிகள் ஒரு தீவில் இறங்கும். ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும், அதற்கு வெளியே நின்றால் சாவு. கடைசியில் எந்த அணியில் உயிர் மிச்சம் இருக்கிறதோ அந்த அணிக்கு வெற்றி.

நான் ஆரம்பித்த காலத்தில் இதெல்லாம் கம்ப்யூட்டர் கடைக்குள் நடந்தது. மாடிப்படிக்கு அடியில் ஒரு புழுக்கமான அறை, காலைத் தடுக்கும் ஒயர்கள், நடுவில் ஒரே ஒரு மின்விசிறி. நம்மைச் சுடுகிற எதிரி பக்கத்து நாற்காலியில்தான் இருப்பான். நாம் அவனைச் சுட்டால் எழுந்து வந்து முதுகில் ஒன்று வைப்பான், அப்புறம் நம் காசிலேயே குளிர்பானம் வாங்கிக் குடிப்பான். சத்தம் தாங்காமல் கடைக்காரர் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார். பிறகு வீட்டுக்கு வீடு இணையம் வந்தது, கடையை மூடினார்கள். ஆளுக்கொரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். காதில் ஹெட்போன், அதற்குள் முகம் தெரியாதவர்களின் குரல்கள். அதற்குப் பிறகு பரிசுப் பணம், பெயர் போட்ட சட்டை, கிரிக்கெட்டுக்குப் பேசுவதைப் போல மூச்சுவிடாமல் பேசும் வர்ணனையாளர்கள் என்று எல்லாம் வந்தது.

கடையில் என்னைப் பெண் என்று யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஹெட்போன் வந்ததும் கண்டுகொண்டார்கள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், “அடுப்புல ஏதோ கருகுது, போய்ப் பாரும்மா” என்று ஆரம்பிப்பார்கள். அது அவர்களில் நல்லவர்கள் சொல்வது. மற்றவர்கள் சொன்னதை உங்கள் காகிதத்தில் எழுத எனக்குக் கை கூசுகிறது. பெண் என்று தெரியாமல் இருக்கச் சிலர் வாயைத் திறக்காமலே விளையாடினார்கள், சிலர் விட்டுவிட்டே போனார்கள். நான் போகவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சின்ன ஒலிவாங்கிப் படம் இருக்கும். அதை அழுத்தினால் அந்த ஆளின் குரல் நின்றுவிடும். ஹெட்போன் வந்த பிறகு நான் முதலில் அதைத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு குரலை அணைப்பது எனக்கு விளக்கை அணைப்பது மாதிரி. இருட்டாகிறதே என்று யாராவது வருத்தப்படுவார்களா?

தம்பிக்கு மவுஸ் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது நான்தான். அவன் கை இருக்கிறதே, அது வரம். நான் யோசித்து முடிப்பதற்குள் அவன் சுட்டு முடித்திருப்பான். ஆனால் குறும்பு. விளையாட்டுக்குள் சும்மா இருக்கும் நேரத்தில் என் உருவத்தின் எதிரே வந்து உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து ஆடுவான். வேலி மேல் ஓணான் தலையாட்டுகிற மாதிரியே இருக்கும். பசித்தால் அப்படி ஆடுவான், தண்ணீர் வேண்டுமானால் ஆடுவான், கழிவறைக்குப் போக வேண்டுமானாலும் ஆடுவான். வாயால் கேட்டால் நான் திட்டுவேன் என்பதால் அந்த வழி. அதனால் வந்ததுதான் அந்தப் பெயர்.

சின்ன வயதிலிருந்து அவனுக்கு இழுப்பு உண்டு. இன்ஹேலர் இல்லாமல் வெளியே போக மாட்டான். அம்மா துணி ஆலையில் பகல் ஷிப்டுக்குக் கிளம்பும்போது தினமும் ஒரே வாக்கியம்தான் சொல்வாள்: “அவனப் பாத்துக்கடி.” பார்த்துக்கொண்டேன். அதை யாரும் மறுக்க முடியாது.

போன வருடம் ஒரு தகுதிப் போட்டியின் கடைசி வட்டத்தில் அவனுக்கு மூச்சிரைத்தது. என் காதுக்குள் விசில் மாதிரி ஒரே சத்தம். அந்த இடத்தில் எங்களுக்குக் கண்ணைவிடக் காதுதான் முக்கியம், எதிரியின் காலடிச் சத்தத்தை வைத்துத்தான் திரும்புவோம். எனக்குக் காலடி கேட்கவில்லை. தோற்றோம். அன்றைக்கு இரண்டு விதி போட்டேன். கடைசி வட்டம் தொடங்கியதும் “கப்சிப்” என்பேன், அதற்குப் பிறகு என் குரல் தவிர வேறு குரல் இருக்கக் கூடாது. இது முதல் விதி. போட்டி முடியும் வரை இன்ஹேலர் என் மேசையில் இருக்கும். இது இரண்டாவது.

இரண்டாவது விதியை வாயால் சொன்னபோது நீங்கள் முகம் சுளித்ததைக் கவனித்தேன். அந்த மருந்தை இழுத்தால் அவனுக்குக் கை நடுங்கும். கொஞ்ச நேரம் நேராகச் சுட வராது. ஓர் அறையில் அவன், ஒரு கூடம் தாண்டி எதிர் அறையில் நான். கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தால் லேசாக நெஞ்சு இறுகினாலே எடுத்து இழுத்துவிடுவான். நான் வைத்திருந்தால் நிஜமாகவே தேவைப்படும்போது மட்டும் கேட்பான். இதில் என்ன தவறு? அவன் சிரித்துக்கொண்டே கொண்டுவந்து கொடுப்பான். “இந்தாக்கா, கைதிய உள்ள தள்ளு” என்பான். அம்மாதான் ஒருமுறை கேட்டாள்.

“அத ஏன்டி உன் ரூம்ல வெச்சிருக்க?”

“சும்மா சும்மா இழுக்கறான்ம்மா. டாக்டரே கொறைக்கச் சொன்னாரு.”

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை நடந்த போட்டி சாதாரணமானதல்ல. ஜெயித்தால் பெரிய லீக்கில் இடம், மாதச் சம்பளம், அணிக்கென்று ஒரு வீடு. அம்மா ஆலைக்குப் போக வேண்டியதில்லை. எனக்கு இருபத்தெட்டு வயது. எங்கள் துறையில் அது கிழவி வயது, அடுத்த வருடம் என்று ஒன்று எனக்குக் கிடையாது. “பொம்பள கேப்டனா, வெளங்கும்” என்று எழுதிய அத்தனை பேரும் அன்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டிலிருந்தே ஆடலாம், ஆனால் கைகள் கேமராவில் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். உயிரோடு ஆடிக்கொண்டிருப்பவர் நாற்காலியை விட்டு எழுந்தால் அணியையே வெளியேற்றிவிடுவார்கள். ஏமாற்றுகிறவர்கள் பெருகிவிட்டதால் வந்த விதி, நல்ல விதிதான்.

அந்த வாரம் பக்கத்து வீட்டில் சுவரைச் சுரண்டி வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலைச் சாத்தியும் தூசி வந்தது. மதியம் போட்டிக்கு உட்காரும்போது தம்பி என் அறை வாசலில் வந்து நின்றான்.

“அக்கா, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு. ஒரே ஒரு தடவ இழுத்துக்கறேனே.”

“ஆடி முடிச்சுட்டு இழு. இப்ப இழுத்தா கை என்னத்துக்கு ஆகும்?”

“சரிக்கா” என்றான். வற்புறுத்தியா உட்கார வைத்தேன்? தானாகப் போய்த்தான் உட்கார்ந்தான்.

அவன் அன்றைக்கு ஆடியதைப் போல என்றைக்கும் ஆடியதில்லை. நீங்கள் பதிவைப் பார்த்திருப்பீர்கள். பார்த்தது மரணத்தைத் தேடி மட்டும் என்றால் இன்னொரு முறை ஆட்டத்துக்காகப் பாருங்கள். கடைசி வட்டத்தில் எங்களைத் தவிர ஒரே ஓர் அணிதான் மிச்சம். நாங்கள் ஒரு மதிலுக்குப் பின்னால் இருந்தோம். அவர்களுக்கு எங்கள் இடம் தெரியாது. நான் “கப்சிப்” என்றேன்.

அப்போதுதான் அந்த விசில் சத்தம் ஆரம்பித்தது. பிறகு இருமல். பிறகு “அக்கா” என்றான். பாதிதான் வந்தது, மீதி மூச்சாகப் போய்விட்டது. நான் கேப்டன் என்பதால் ஒருவரின் குரலை எல்லோருக்குமே அணைக்க என்னால் முடியும். அவன் பெயரின் பக்கத்தில் இருந்த படத்தை அழுத்தினேன்.

“ஓணானுக்கு என்னாச்சு?” என்றான் கொரியர்.

“மைக் போயிடுச்சு. கப்சிப்.”

உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். கேட்டதா என்று நீங்கள் மூன்று விதமாகக் கேட்டீர்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மாவும் என் தோளைப் பிடித்து உலுக்கி, “எதிர் ரூம்ல இருந்தியே, ஒனக்குக் கேக்கவே இல்லையாடி?” என்றாள். கேட்கவில்லை என்றேன். கேட்டது. கொரியரிடம் சொன்னதும் பொய், அம்மாவிடம் சொன்னதும் பொய். ஆனால் பொய் சொன்னதற்குத்தான் வருத்தப்படுகிறேன், அணைத்ததற்கு அல்ல. அணைத்த மறுநிமிடம் எதிரிகளின் காலடி எனக்குத் தெளிவாகக் கேட்டது. மதிலின் இடது பக்கம் இரண்டு பேர், மதிலுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். என் முடிவு சரி என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்?

பிறகு அவன் தன் இடத்தை விட்டு ஓடிவந்தான். நான் சொல்வது திரைக்குள். கூடத்தைத் தாண்டி இல்லை, மதிலோரமாக ஓடி என் உருவத்தின் எதிரே வந்து நின்றான். உட்கார்ந்தான், எழுந்தான். உட்கார்ந்தான், எழுந்தான்.

அவன் என்ன கேட்கிறான் என்று எனக்குப் புரிந்தது. என் வலது கைக்குப் பக்கத்தில்தான் அது இருந்தது. நான் எழுந்தால் அணி போய்விடும். அவன் எழுந்தாலும் போய்விடும், அதனால்தான் அவன் எழவில்லை. எழ முடியவில்லை என்கிறீர்கள் நீங்கள். எழவில்லை என்கிறேன் நான். அவனை வளர்த்தவள் நான், நீங்கள் அல்ல. விதியை மதித்து, விளையாட்டுக்கு உள்ளேயே வந்து கேட்டான். அந்த ஒழுக்கம் நான் கற்றுக்கொடுத்தது. ஆனால் அவன் ஆட ஆட மதிலுக்கு மேலே அவன் தலை தெரிந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் நான்கு பேரும் செத்திருப்போம்.

எங்கள் விளையாட்டில் சொந்த அணியையும் சுட முடியும். சுட்டேன். ஒரே குண்டு. சத்தம் கேட்டு எதிரிகள் தலையை நீட்டினார்கள். மூன்று பேரை நான் எடுத்தேன், மிச்சம் ஒருவனைச் சித்தப்பா எடுத்தார். வர்ணனையாளர்கள் கூத்தாடிவிட்டார்கள். தம்பியைத் தூண்டிலில் புழுவாக்கி மீன் பிடித்துவிட்டாள் அக்கா என்று ஒருவர் கத்தினார். அந்தத் துண்டுக் காட்சியை எத்தனையோ லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர்கூட இது கொடுமை என்று அன்றைக்கு எழுதவில்லை. இப்போது எழுதுகிறவர்கள் அவர்களேதான்.

ஜெயித்த அணியின் கேப்டன் பேட்டி கொடுக்க வேண்டும். கொடுத்தேன். கேள்வி கேட்ட பெண் சிரித்துக்கொண்டே, “சொந்தத் தம்பியவே போட்டுட்டீங்களே, வீட்ல சண்ட வராதா?” என்றாள். “கோவமா இருப்பான். போய்ச் சமாதானம் பண்ணணும்” என்றேன். நானும் சிரித்தேன். அந்தப் பேட்டியைத் தவிர்த்திருக்கலாம் என்று நீங்கள் சொன்னீர்கள். தவிர்த்தால் பரிசில் பாதியைப் பிடித்துக்கொள்வார்கள் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. அந்தப் பரிசில் அவனுக்கும் பங்கு உண்டு.

பேட்டி முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றினேன், தண்ணீர் குடித்தேன், இன்ஹேலரை எடுத்துக்கொண்டு அவன் அறைக்குப் போனேன். மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எடுத்துக்கொண்டுதான் போனேன்.

அவன் நாற்காலியில் பக்கவாட்டில் சரிந்திருந்தான். ஹெட்போன் காதில் இருந்தது. எங்கள் விளையாட்டில் ஒருவன் செத்துவிட்டால் அவனுடைய திரை இருண்டுபோகாது. உயிரோடு இருக்கும் அணித்தோழனின் கண் வழியாக ஆட்டத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். நான் பார்ப்பதையெல்லாம் அவனும் பார்ப்பான். நான் பேசுவதையெல்லாம் அவனும் கேட்பான். திரையில் என் பெயர்தான் இருந்தது. திரைக்கு நேராக அவன் கண்கள் திறந்திருந்தன.

நீங்கள் எந்தப் பிரிவில் வேண்டுமானாலும் வழக்கு எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தலை குனிந்து போட மாட்டேன், அவ்வளவுதான். அம்மாவிடம் மட்டும் ஒன்று சொல்லுங்கள், நான் சொன்னால் காதில் வாங்க மாட்டேன் என்கிறாள். அவன் தனியாகச் சாகவில்லை. நான் ஜெயித்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு, சந்தோஷமாகத்தான் போனான்.