நம்ம ஊருக்கு வந்த நாற்காலி

“ஹலோ... யம்மா! கேக்குதா? நான்தான் மணிமொழி... நூறு நாள் ஏரி வேலையிலயா? சரி, மண்வெட்டிய கீழ வையி. வையின்னா வையி, சேதி கேட்டுட்டு கால்ல போட்டுக்குவ...”

அரியலூர் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே அவள் வேலை செய்யும் ஜெராக்ஸ் கடையில், நகல் எடுக்க வந்த தாளைப் படிக்கக்கூடாது என்பது சட்டம். மணிமொழி அந்தச் சட்டத்தை ஒருநாளும் மதித்தவள் இல்லை.

“கல்யாணச் சேதி இல்ல... யம்மா, பேசாம கேளு. ஊராட்சித் தலைவர் ஒதுக்கீட்டு லிஸ்ட்டு காப்பிக்கு வந்துச்சு. இந்தத் தடவ நம்ம ஊரு எஸ்.சி. பெண்களுக்கு!... ஆமா... ஆமாம்மா, நம்ம ஊரேதான். மூணு தடவ படிச்சுட்டேன்... காலனிக்குத்தான், நமக்குத்தான்!”

“யாரு நிக்கிறதா? நான்தான்!... ஏன் சிரிக்கிற? வைகாசியோட இருபத்தொண்ணு முடிஞ்சிருச்சுல்ல, தேர்தல்ல நிக்கிற வயசுதான்... பொண்ணு பாக்க வர்றவங்க வரட்டும், தலைவரப் பாத்துட்டுப் போவட்டும்... மொதல்ல சுடுகாட்டுக்குப் பாதை. சேத்துல எறங்கி எத்தன பேரத் தூக்கிட்டுப் போயிருக்கோம்?... அப்புறம் சுதந்திர தினக் கொடி. பள்ளிக்கூடத்துல நான்தான் ஏத்துவேன். நீ மொத வரிசையில உக்காந்து பாக்குற... அதோட விட்டுருவனா? எம்.எல்.ஏ.வுக்கும் நிப்பேன், ரிசர்வ் இல்லாத தொகுதியில. ஊர்த்தெருக்காரங்களும் எனக்கே ஓட்டுப் போடணும்... போடுவாங்கம்மா!... என்னது? யாரு வந்தாரு?”

அவள் குரல் சட்டென்று இறங்கியது.

“மேலத்தெரு பண்ணக்காரரு பாலசுந்தரமா? நம்ம வூட்டுக்கா?... லிஸ்ட்டு அவருக்கு நேத்தே போயிருச்சா!... உன்ன நிக்கச் சொன்னாரா?”

இதெல்லாம் தெரிந்த கதைதான். பக்கத்து ஊர்களில் இப்படி ஒதுக்கீடு வந்தபோது, பண்ணைக்காரர்கள் தங்கள் வயலில் வேலை செய்கிற யாரையாவது நிறுத்தி ஜெயிக்க வைத்தார்கள். கையெழுத்து ஜெயித்தவருடையது, அதிகாரம் நிறுத்தியவருடையது.

“நீ என்ன சொன்ன?... யம்மா, சொல்லித் தொலை... நிக்கிறேன்னுட்டியா! ஐயோ, அவரு உன் கையெழுத்துக்காகத்தாம்மா... தெரியுமா? தெரிஞ்சா எதுக்கு... சரி, சரி, கத்தல. சொல்லு... ம்... ம்... ஆபீஸ் சாவியும் ஸ்டாம்பும் எங்கிட்டதான் இருக்கும்னியா? படிச்சுப் பாக்காம ஒரு கையெழுத்தும் போடமாட்டேன்னியா? மூஞ்சிக்கு நேராவா?... அதுக்கு அவரு?... வண்டியத் தள்ளிக்கிட்டே போனாரா! ஸ்டார்ட்டே ஆவலையா! ஐயோ, நான் பாக்கலையே!”

நடைபாதையில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

“போவட்டும் விடு. அவரு வேற ஆளப் புடிப்பாரு, எதுத்து நான் நிக்கிறேன்... ஏன், நான் ஏன் வேணாம்?... கேக்கல, சத்தமா சொல்லு... உனக்கா?... உனக்கே ஆசையா?”

அம்மா இருசம்மாள் எதற்காவது ஆசை என்று சொல்லி மணிமொழி கேட்டதே இல்லை. புதுச் சேலைக்குக்கூட அந்த வார்த்தை அம்மா வாயில் வந்ததில்லை. தன் கொடி கை நழுவுவது மணிமொழிக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் சந்தோஷம் அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

“எத்தன நாளாம்மா?... அஞ்சு வருசமாவா! வாயத் தொறந்து சொல்லலாம்ல?... அழுவல, தூசி... நான் நிக்கல. நீதான் நிக்கிற. நான் உன்ன முன்மொழியுறேன்... அப்படின்னா, இவங்க நிக்கட்டும்னு நான் எழுதிக் குடுக்கிறது... போட்டோவுக்கு நாளைக்கு டவுனுக்கு வா. ரேசன் கார்டு போட்டோ வேணாம், அதுல திருடி மாதிரி முழிக்கிற... என்ன சத்தம் அங்க?... ஸ்பீக்கர்லயா போட்டிருந்த! ஆரம்பத்துலேருந்தேவா? ஏரியில இருக்க அத்தன பேரும் கேட்டாங்களா?... என்ன கத்துறாங்க?... திருப்பிச் சொல்லச் சொல்லு... தலைவர் இருசம்மாளா!... யம்மா, இப்பவேவா? இன்னும் மனுவே குடுக்கல... ஹலோ? யம்மா?... ஹலோ, தலைவரே?”