ரக்பி மாப்பிள்ளை

தாம்பரத்தில் மின்சார ரயில் கிளம்பியதுமே, எதிர் சீட்டில் இருந்த டீச்சர் மடியில் இருந்த விடைத்தாள் கட்டின் மேல் போனை வைத்து ஒரு வீடியோவைப் போட்டார். பக்கத்தில் இருந்தவரும் அதே பள்ளிக்கூட டீச்சர்தான், வயதில் மூத்தவர்.

"அக்கா, எங்க பொண்ணு ஜெனி லண்டன் பக்கம் அவளே பார்த்துக்கிட்ட மாப்பிள்ளையைக் காட்டறேன். கத்தாதீங்க."

"கிரிக்கெட்டா?"

"ரக்பி. இவங்க மாப்பிள்ளையோட டீம், இங்கிலாந்து சாம்பியன் கிளப், அவங்க ஆஸ்திரேலியா சாம்பியன் கிளப்."

"ஐயையோ, என்னம்மா இது! பந்து வெச்சிருக்கிறவனை மூணு பேர் அமுக்கறாங்க. ஹெல்மெட்கூட இல்ல!"

"ஆட்டமே அதான் அக்கா. நம்ம கபடி மாதிரி."

"கபடியில இப்படியா? மூக்குல ரத்தம் கொட்டுது பாரு. பாவம், இந்தப் பையனா நம்ம மாப்பிள்ளை?"

"இல்ல அக்கா. அவன் மேல விழுந்து அமுக்கினானே, அவன்."

நானும் போனை எட்டிப் பார்த்தேன். மூத்தவர் வாயைப் பொத்திக்கொண்டார். சானடோரியம் ஸ்டேஷன் போனது, குரோம்பேட்டையும் போனது. பல்லாவரத்தில்தான் கையை எடுத்தார்.

"சர்ச்சுக்காவது ஒழுங்கா போறானா?"

"ஞாயித்துக்கிழமைதான் அக்கா மேட்சே."