மூன்றாவது மாடியில் எல்லாருக்கும் வரவேற்பு

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள். இளையவள் மடியில் ஒரு தாள்.

“எல்லாரையும் வரவேற்கிறோம்னு எழுதினதும் நான்தான்க்கா. மூணாவது மாடிக்கு ஏறி வாங்கன்னு சொன்னதும் நான்தான்.”

“யாருகிட்ட?”

“நம்ம இன்டர்நெட் இங்கிலீஷ் கிளாஸுக்கு முதல்ல போன் பண்ண பொண்ணுகிட்ட. சக்கர நாற்காலியாம். உடல்குறை தடையில்லைன்னு நீங்க போட்டதாலதான் சேர்றேன்னு சொல்லுது. நான் பெருமையா, லிஃப்ட் இல்லங்கறேன்.”

“வீட்டுலேருந்து படிக்கிற கிளாஸுக்கு ஆபீஸ் எதுக்குலா?”

“சேர்க்கைப் பாரத்துல நம்ம முன்னாடி கையெழுத்து போடணுமே. அந்த ரூலையும் நான்தான் எழுதினேன்.”

“நல்லா எழுதியிருக்க, போ!”

இருவரும் சிரித்தார்கள். பிறகு இளையவள் மடியிலிருந்த அந்த அறிவிப்புத் தாளை முழுவதும் படித்துக் காட்டினாள். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான் என்ற தைரியத்தில், அவள் வாக்கியங்களை மனத்துக்குள் திருத்திக்கொண்டே வந்தேன்.

“அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு?”

“பரவால்லக்கா, அடுத்த வருஷம் பாக்கலாம்னு போனை வெச்சிருச்சு.”

மூத்தவள் சிரிப்பை நிறுத்தினாள். பேனாவை எடுத்து நீட்டினாள். “எல்லாத்தையும் அடி. புதுசா எழுது.”

இளையவள் மெதுவாக எழுதி, வாய்விட்டுப் படித்தாள்: “மாடி ஏற முடியாதவர்கள் போன் செய்யுங்கள். பாரத்தோடு நாங்கள் உங்கள் வீட்டுக்கு வருகிறோம்.”

“எறங்கினதும் முதல்ல அந்தப் பொண்ணுக்குப் போன் போடு. இன்னிக்கே போவோம்.”

அந்த இரண்டு வாக்கியங்களில் திருத்துவதற்கு எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.