என் தங்கையின் மூக்கு

டாக்டர், உள்ளே வரும்போது உங்கள் செயலாளர் என் உள்ளங்கையில் கொலோன்யா வாசனைத் தண்ணீர் ஊற்றினார். எங்கள் கடைச் சரக்கு இல்லை, ஆனாலும் மரியாதை மரியாதைதான். என் தங்கை ஷெர்மின் வெளியே காத்திருக்கிறாள். ஆறு வருடமாக அவளுக்கு எந்த வாசனையும் தெரிவதில்லை. மூக்கில் ஏதாவது மருந்து விட்டதுண்டா என்று என்னைத் தனியே கேட்டீர்கள். விட்டதுண்டு. நான்தான் விட்டேன்.

இஸ்மிர் நகரக் கடைவீதியில் மூன்று தலைமுறையாக வாசனைத் திரவியம் செய்கிறோம். எலுமிச்சை, புகையிலைப் பூ, ரோஜா. தாத்தா எந்தக் கலவைக்கும் அளவு எழுதி வைக்கவில்லை. மூக்குதான் அளவு. அந்த மூக்கு ஷெர்மினுக்கு வாய்த்தது. எனக்கு எலுமிச்சைக்கும் நாரத்தைக்கும் வித்தியாசம் தெரியாது. அப்பா சாகும்போது பட்டறையை அவளிடமும் கடைச் சாவியை என்னிடமும் கொடுத்தார். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

பிறகு பிரான்சிலிருந்து ஒரு கம்பெனி அவளைக் கூப்பிட்டது. டிக்கெட்டும் வந்துவிட்டது.

"ரெண்டே வருஷம்ணே. அதுவரைக்கும் நீ பாத்துக்க மாட்டியா?"

"மூக்கில்லாதவன் என்னத்தைப் பாத்துக்கறது?"

"அதான் வாய் இருக்கே, வச்சுச் சமாளி" என்று சிரித்தாள்.

அந்த வாரம் அவளுக்குச் சளி பிடித்தது. சின்ன வயதிலிருந்தே சொட்டு மருந்தை அவள் தானாக விட்டுக்கொள்ள மாட்டாள், நான்தான் விட வேண்டும். பட்டறையில் கிடந்த, மூக்கைக் கெடுத்துவிடும் என்று அப்பா எச்சரித்திருந்த ஒரு ரசாயன உப்பை அதில் கரைத்தேன். எரிகிறது என்றாள். நல்ல மருந்து எரியத்தான் செய்யும் என்றேன். சளி போயிற்று, வாசனையும் போயிற்று. டிக்கெட்டை அவளே கிழித்துப் போட்டாள். தாத்தாவின் வாசனை ஊரை விட்டுப் போகாமல் காப்பாற்றிவிட்டேன் என்று அன்று நினைத்தேன்.

வெளியே தெரிந்தால் கடை அவ்வளவுதான். பெருநாளுக்கு முந்தின நாள், கடைவீதிக்காரர்கள் முன்னால் புதுக் கலவையை அவள் கையில் ஊற்றுவோம். அவள் முகர்ந்து "ஆயிருச்சு" என்று சொன்ன பிறகுதான் பாட்டில்களை மூடுவோம். அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. நான் முன்பே முகர்ந்து பார்த்து, சரியாக இருந்தால் ஒருமுறை இருமுவேன். ஒரு வருடம் எனக்கு நிஜமாகவே இருமல். கெட்டுப்போன புகையிலைக் கலவைக்கு "ஆயிருச்சு" என்றுவிட்டாள். மெத்தைக்கடை நுஸ்ரெத் தன் கையிலும் ஊற்றி முகர்ந்துவிட்டு, "அப்படியே உங்கப்பா காலத்து வாசனைம்மா" என்று கண் கலங்கினார். அதற்குப் பிறகு நான் முகர்ந்து பார்ப்பதையே விட்டுவிட்டேன். சும்மா இருமுவேன்.

இத்தோடு நின்றிருந்தால் இவ்வளவு கூசியிருக்காது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலையில் எலுமிச்சைத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் ஓடிவந்தாள். "அண்ணே, வருதுண்ணே! லேசா வருது!" அவளைக் கட்டிக்கொண்டேன். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது, அது பொய்யில்லை. சீக்கிரம் முழுதும் குணமாக ஒரு சொட்டு மருந்து இருக்கிறது என்று நானே சொன்னேன். என் மடியில் தலை வைத்துப் படுத்தாள்.

"எரியுதுண்ணே."

"எரிஞ்சாத்தாம்மா வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

அதே உப்பைக் கரைத்து ஐந்து நாள் விட்டேன். அப்போது பிரான்சும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. ஏன் செய்தாய் என்று நீங்கள் கேட்பீர்கள். வாசனை போயிருந்த அந்த முதல் மூன்று வருடமும் அவள் ஒவ்வொரு கலவையையும் என்னிடம் நீட்டி, "எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டாள். அதற்கு முன் அந்தப் பட்டறையில் என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. இதைச் சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையின் உச்சந்தலையில் மூக்கைப் பதித்து மூச்சை இழுத்து இழுத்துப் பார்க்கிறாள். பிறகு என்னைப் பார்த்து, "பாப்பா வாசனை எப்படிண்ணே இருக்கும்?" என்கிறாள். பால் வாசனை என்று சொல்லி வைத்தேன். அதைத் தானே தெரிந்துகொள்ளத்தான் உங்களிடம் வந்திருக்கிறாள்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், டாக்டர். மனசு லேசாகிவிட்டது. இனி அவளைக் கூப்பிடலாம். சளியால் வந்தது என்றே சொல்லுங்கள். உண்மை தெரிந்தால் தாங்க மாட்டாள், பாவம். சொட்டு மருந்து ஏதாவது எழுதிக் கொடுத்தால், வழக்கம்போல நானே விட்டுவிடுகிறேன்.