ஒரு சிரட்டைப் பால்

இன்று காலை உங்களுக்குத் தந்த சாயாவில் சீனி கூடிப்போயிற்று, பாஸ்டர். நீங்கள் முகம் சுளிக்காமல் குடித்தீர்கள். நடுவில் ஒரு வேலையாக முற்றத்துக்குப் போய்விட்டு வந்த அவசரத்தில் இரண்டு தடவை போட்டுவிட்டேன் போலிருக்கிறது. மன்னிக்க வேண்டும்.

இந்தக் காணிக்கைக் கவரை உங்கள் கையில் தரும்போது, "போற வழியில வண்டி எங்கியாவது நின்னா வாசிங்க, பாஸ்டர்" என்பேன். "சாயா குடிக்க நிக்கம்ப வாசிக்கேன், மோளே" என்று சட்டைப் பையில் வைத்துக்கொள்வீர்கள். இப்போது வாசிக்கிறீர்கள் என்றால் வண்டி நின்றுவிட்டது. என் கணக்குப்படி களியக்காவிளைக்கு இந்தப் பக்கம்தான் எங்கேயோ. என் வீட்டுக்காரர் ஜெப்சன் பானட்டைத் திறந்துவைத்து முன்னால் குனிந்து நிற்பார். நீங்கள் இறங்க வேண்டாம். வேலை செய்யும்போது பக்கத்தில் ஆள் நிற்பது அவருக்குப் பிடிக்காது. நேரமும் எடுப்பார். இதை முழுதாக வாசித்துவிடலாம்.

நாளை முதல் ஞாயிறு. திருவிருந்து எடுக்கிறவர்கள் மனதில் ஒன்றையும் மறைத்து வைத்துக்கொண்டு வரக் கூடாது என்று போன வாரம் சொன்னீர்கள். கடற்கரைக் கத்தோலிக்கர்களுக்கு இதற்கென்று ஒரு பாவசங்கீர்த்தனக் கூண்டு இருக்கிறது. நமக்கு இல்லை. அதனால்தான் கவர். இதில் பெரும்பகுதி நேற்றே எழுதியது. 'ஊற்றுவேன்' என்று இருந்த இடத்தில் இன்று 'ஊற்றினேன்' என்று திருத்தி, மேலே சாயா விஷயத்தையும் சேர்த்திருக்கிறேன்.

நீங்கள் அருமனைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, அதனால் முதலில் இருந்தே சொல்கிறேன். எங்களுக்குக் கல்யாணம் ஆகிப் பன்னிரண்டு வருடம். இதில் முதல் பத்து வருடம் அவர் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு. அந்தப் பத்து வருடத்தில் நாங்கள் சேர்ந்து இருந்தது ஒரு வருடத்துக்கும் குறைவு. குறை சொல்லவில்லை. ஊரில் பாதி வீடு இப்படித்தான். நான் மட்டும் நூற்றிருபது மூடு ரப்பர் மரத்தை ஆள் வைக்காமல் நானே பட்டை வெட்டி, சிரட்டையில் வடிகிற பாலெடுத்து, உறையவைத்து ஷீட் அடித்து, பொழுதைப் போக்கினேன். ரப்பரிடம் பேசினால் பதில் வராது, ஆனால் எங்கேயும் போகாது.

இரண்டு வருடத்துக்கு முன் லீவில் வந்தவர், பதினெட்டு வருடப் பழசான ஒரு வெள்ளைக் காரை வாங்கி முற்றத்தில் நிறுத்தினார். "இந்த வண்டியில உன்னைச் சிதறால் மலைக்குக் கூட்டிட்டுப் போயிட்டுத்தான் பிளேன் ஏறுவேன், ஷைஜா. பாத்துக்கோ" என்றார். சிதறாலுக்கு எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம், ஆனால் வாக்கு வாக்குதானே. மறுநாளே கிளம்பினோம். மலை கண்ணில் படுமுன் வெப்பத்தைக் காட்டுகிற முள் சிவப்புக்கு ஏறி, முன்னால் ஆவி பறந்து, வண்டி நின்றது. பின்னால் வெள்ளைப் புகை. ஆயில் மூடியைத் திறந்தால் பால்சாயா மாதிரி நுரை. ஆயிலும் தண்ணீரும் கலந்துவிட்டது, இரண்டையும் பிரித்துவைக்கிற ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று அவரே கண்டுபிடித்தார்.

ஜங்ஷனில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அனீஷ் வந்து பார்த்து, "இத வித்திருங்கண்ணே, மினக்கெடாண்டாம்" என்றான். அது போதாதா. ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகத் தெரியாத மனுஷன் இவர். மஸ்கட்டில் ஓர் ஏசியை மாட்டி முடிக்காமல் பெருநாள் விருந்துக்கே போகாதவர். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, ஷீட் அடிக்கிற ஷெட்டில் எஞ்சினைப் பிரித்தார்.

அவர் வேலையில் ஒரு குறையும் கிடையாது, பாஸ்டர். இதை நான் ஆணையிட்டே சொல்வேன். எஞ்சினின் தலைப்பாகத்தை இறக்க, போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவுக்கு, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். ஒவ்வொரு போல்ட்டையும் அட்டைப்பெட்டி மூடியில் குத்தி நம்பர் எழுதினார். கருகிப்போன கேஸ்கட்டை எடுத்து, "ரெண்டாவது சிலிண்டருக்கும் மூணாவதுக்கும் எடையில எரிஞ்சிருக்கு பாரு, ஏட்டி" என்று எக்ஸ்ரே காட்டுகிற டாக்டர் மாதிரி காட்டினார். ஹெட்டை மார்த்தாண்டத்தில் லேத்துக்குக் கொண்டுபோய் வளைவு எடுத்தார். புது கேஸ்கட், புது தெர்மோஸ்டாட், வாட்டர் பம்பு. திரும்ப மாட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு முறுக்கினார். ஐம்பத்து மூன்றாம் நாள் எஞ்சின் பூனை உறுமுகிற மாதிரி ஓடியது. பிளேனுக்கு ஆறு நாள் இருந்தது.

அன்று காலை அவர் ரேடியேட்டரில் பச்சைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பாதியில் போன் வந்தது. மூடியைத் திறந்துபோட்டுவிட்டு முருங்கை மூட்டுக்குப் போனார், அங்கேதான் சிக்னல் கிடைக்கும். மஸ்கட் கம்பெனிதான். "வந்துருவேன் சார், வந்துருவேன்" என்று சிரித்துச் சிரித்துச் சொன்னார். நான் பாலெடுத்துக்கொண்டு வந்த வழி. கையில் ஒரு சிரட்டைப் பால் மிச்சம் இருந்தது. வாளி நிறைந்திருந்தது. தரையில் ஊற்றினால் வீண். அதனால் ரேடியேட்டரில் ஊற்றினேன்.

ரப்பர் பால் உறைய ஆசிட் வேண்டும் என்பார்கள். நல்ல சூடும் போதும். ரேடியேட்டருக்குள் தண்ணீர் போகிற குழாய்கள் மிகவும் மெலிசு. அதை எனக்குக் காட்டித் தந்தது அவர்தான்.

சிதறால் மலை அன்றும் கண்ணில் படவில்லை. டிக்கெட்டை ஒரு மாதம் தள்ளிப்போட்டார். திரும்பவும் போல்ட், அட்டை, லேத்து. இரண்டாவது தடவை நான் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இருக்கிற தண்ணீர் டப்பாவில் ஊற்றினேன், தண்ணீர் குறைந்தால் ரேடியேட்டர் அதிலிருந்து தானே இழுத்துக்கொள்ளும். மூன்றாவது தடவைதான் கொஞ்சம் பயந்தேன். தெர்மோஸ்டாட்டில் ஒட்டியிருந்த வெள்ளைத் துண்டு ஒன்றை இழுத்துப் பார்த்தபடி அடுக்களைக்கு வந்தார்.

"இது என்னதுண்ணு பாரு, ஏட்டி."

நான் முகர்ந்து பார்த்தேன். "ஹோஸ் உள்ள இருந்து உரியுதாக்கும்" என்றேன்.

"அதேதான். டூப்ளிகேட் சாதனத்தைத் தந்துட்டான், பாவி."

வேறு ஊர்க்காரன் என்றால் அந்த நாற்றத்திலேயே பிடித்திருப்பான். எங்கள் வீட்டில் தலையணை, சட்டை, வெளுத்த துணி எல்லாம் ரப்பர் பால்தான் மணக்கும். இந்த மணத்திலேயே பிறந்து வளர்ந்தவருக்கு அது ஒரு மணமாகவே தெரியவில்லை. ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றினார். கடைக்காரரோடு சண்டை போட்டார். அந்தக் கடைக்காரருக்காக நான் இப்போதும் ஜெபிக்கிறேன்.

நாலாவது தடவை கொதித்தபோது அவர் திட்டவில்லை. ஷெட்டில் ஷீட் அடிக்கிற ரோலரின் திண்டில் உட்கார்ந்து கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்க கை கொள்ளாது போல, ஷைஜா. பத்து வருசமா அங்க ஒரு மெஷினும் என்னத் தோக்கடிச்சதில்ல" என்றார். அது எனக்கு நெஞ்சில் தைத்தது. கொதிக்கிற தண்ணீரை வைத்து ஊரில் 'சுடுவெள்ளம் ஜெப்சன்' என்று பெயர் விழுந்ததும் அப்போதுதான். அனீஷ் வண்டியில் போகும்போதெல்லாம் ஹாரன் அடித்துவிட்டுப் போவான். அன்று ஒரு நாள் மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அடுப்பில் மீன் கொதித்துக்கொண்டிருந்தது. இறக்கிவிட்டு வருவதற்குள் அவர் முதல் போல்ட்டைக் கழற்றத் தொடங்கியிருந்தார்.

ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அங்கே விசா செத்துப்போகும். நூற்று எண்பதாவது நாள் எது என்று ஓர்மையாகக் குறித்துவைத்திருந்தேன். அன்று மத்தியானம் மரச்சீனி அவித்து, சாளைக் குழம்பு வைத்தேன். அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டார். பிறகு, "விசா போனா போட்டு. வண்டி ஆவட்டு, நீ வெசனப்படாத" என்று என்னைத் தேற்றினார். நான் கொஞ்சம் அழுதேன். சந்தோஷமாக இருந்தது.

நான் ஒருநாளும் 'போகாதீங்க' என்று சொன்னதில்லை, பாஸ்டர். அதை நீங்கள் கவனிக்க வேண்டும். வாக்குத் தந்தது அவர். அதைக் காப்பாற்ற அவருக்கு அவகாசம் தந்தேன், அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு. போக வேண்டும் என்று உள்ளே நிஜமாக ஆசை இருக்கிறவர், கார் ஓடாவிட்டால் பஸ்ஸில் போவார். திருவனந்தபுரத்துக்கு எத்தனை பஸ். அவர் போகவில்லை. அவருக்கு இங்கே இருக்கத்தான் விருப்பம், அதைச் சொல்லக் கூச்சம், அதனால் கார்மேல் பழியைப் போட்டார். நான் அவர் மனதுக்கு ஒத்தாசை செய்தேன். இந்த ஒன்றரை வருடமாக ஊரில் ஏசி ரிப்பேர் பார்க்கிறார், மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறார், எனக்கு எதிரே உட்கார்ந்து மீன் முள்ளைத் தட்டு ஓரத்தில் வரிசையாக வைக்கிறார். அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன். சிதறாலுக்கு மட்டும் நாங்கள் இன்னும் போகவில்லை. நான் போன மாதம் மாதர் சங்கத்தோடு பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நல்ல காற்று. அவரிடம் சொல்லவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நீங்கள் நல்ல மனதோடு உங்கள் மருமகன் ஷாஜனிடம் சொல்லி, குவைத்தில் ஒரு வேலைக்கு ஏற்பாடு செய்தீர்கள். இன்று பதினொரு மணிக்குத் திருவனந்தபுரத்தில் இன்டர்வியூ, நீங்களே காரில் கூட்டிப்போவதாகவும் சொன்னீர்கள். உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் எங்கள் கல்யாணத்தன்று உங்களுக்கு முன் இருந்த போதகர் எங்களை யாரும் பிரிக்கக் கூடாது என்று சபைமுன் சொன்னார். குவைத்துக்கு விலக்கு உண்டு என்று அவர் சொல்லவில்லை.

காலையில் நீங்கள் உள்ளே சாயாவுக்குக் காத்திருந்தீர்கள், அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பானட்டைத் திறக்கிற பிடி ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் என்று எனக்குத் தெரியும். உங்கள் வீடு அடுத்த தெருதானே, எஞ்சின் சூடாகியிருக்கவில்லை. என்றாலும் துணியை வைத்துத்தான் மூடியைத் திருகினேன். இரண்டு சிரட்டை ஊற்றினேன், உங்களுடையது பெரிய வண்டி. ஒரு விஷயம் மறக்க வேண்டாம்: முள் மேலே ஏறிய பிறகு ஒரு அடிகூட ஓட்டக் கூடாது. உடனே நிறுத்திவிட்டால் ஹெட் வளையாது, கேஸ்கட்டும் பிழைக்கும். உங்கள் வண்டி கெட்டுப்போக வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. ஜெப்சன் கூலி வாங்காமல் சரிசெய்து தருவார். அவர் கை நல்ல கை. நாற்பது நாளாவது ஆகும். அதற்குள் குவைத்தில் வேறு ஆளைப் பார்த்துவிடுவார்கள்.

இப்போது உங்களுக்குத் தோன்றுவது எனக்குத் தெரியும். காரை அங்கேயே விட்டுவிட்டுக் களியக்காவிளையில் பஸ் ஏறலாமே என்று நினைப்பீர்கள். ஏறலாம். கையை நீட்டினால் பஸ் நிற்கும். போக விருப்பம் இருக்கிறவரை நான் என்றைக்காவது தடுத்தேனா?

ஜெப்சனிடம் அவர் பையைத் திறந்து பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் கவருக்குள் இருப்பது சின்னப் புதிய ஏற்பாடு. அளவும் தடிமனும் கிட்டத்தட்ட ஒன்றுதான், வழிக்கும் நல்லது. பாஸ்போர்ட் பத்திரமாக இருக்கிறது. இரண்டு கவர் போட்டுச் சுற்றி, நேற்றைய பாலில் ஆசிட் விட்டுப் பாதி உறைந்தபோது நடுவில் வைத்து, மேலே இன்னும் கொஞ்சம் பால் ஊற்றினேன். ரோலரில் விடவில்லை, கசங்கிவிடும் என்று கையாலேயே தட்டி, மற்ற ஷீட்டுகளோடு காயப்போட்டேன். நேற்று சாயங்காலம் அவர் அதற்குக் கீழே நின்றுதான் சவரம் செய்தார். விருப்பம் இருந்தால் வந்து எடுத்துக்கொள்ளட்டும். கொடியில் இடமிருந்து மூன்றாவது ஷீட், மற்றவற்றைவிடக் கொஞ்சம் தடிமனாக இருக்கும்.